ரிப்பேர் வண்டி கிளம்பவில்லை

மார்ச் 4

தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் போன கையை நிறுத்திவிட்டேன். நான் நலமில்லை. நீ நலமா என்று அறியும் ஆவலும், அப்பா போன இந்த நான்கு வருஷத்தில் எனக்குப் பெரிதாக வரவில்லை. பொய் எழுதுவானேன்.

போன் செய்திருக்கலாம். செய்தால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், உன் அண்ணி வந்து போனைப் பிடுங்கி அணைப்பாள். அப்பாவை எடுத்த மறுநாள், நீ ஊர் போய்ச் சேர்ந்து போன் செய்தபோது நம் பேச்சு அப்படித்தானே முடிந்தது. காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். என் இடது பாதத்தில், கட்டைவிரலுக்கு நேர் கீழே ஒரு புண். அது வந்த கதையைக் கேட்டால் சிரிப்பாய். டிசம்பரில் ஒரு நாள் குடிநீர் மெயின் லைன் உடைந்து தெருவே குளமாகிக் கிடந்தது. காலையில் ரப்பர் பூட்டை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியவன் சாயங்காலம்தான் ஏறினேன். பூட்டைக் கழற்றினால் சாக்ஸ் சிவப்பாக இருக்கிறது. கவிழ்த்துத் தட்டினேன். பித்தளை வாஷர் ஒன்று உருண்டு விழுந்தது. நாள் முழுக்க அதன் மேல் நின்றிருக்கிறேன், ஒரு பொட்டு வலி இல்லை. எங்கள் ஃபிட்டர், "என்னண்ணே, ரோட்டுக்கு அடியில ஆறடி ஆழத்துல கசிஞ்சா உங்க காதுக்குக் கேக்குது, சொந்தக் கால் கசியறது தெரியலையா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆபீசில் இன்னும் என்னை 'காது' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரும்புக் கம்பியை ரோட்டில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து எத்தனை கசிவைக் கண்டுபிடித்தவன் நான். சத்தம் இல்லையென்றால் கசிவு இல்லை என்பது எங்கள் பாடம். அதையே காலுக்கும் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதமாகிறது, புண் ஆறவில்லை. சர்க்கரை பதினோரு வருஷமாக இருக்கிறது, அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். இங்கே புதிதாக ஒரு கிளினிக் திறந்திருக்கிறார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு என் மஜ்ஜையையே உறிஞ்சி, அதைக் கெண்டைக்காலில் ஏற்றினால் புது ரத்தக்குழாய் முளைக்கும், புண் ஆறும் என்கிறார்கள். நீதான் மஜ்ஜை, மஜ்ஜை என்று சொல்லிக்கொண்டு அத்தனை தூரம் போய் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாயே. நிஜமா, பொய்யா? ஒரே வரியில் பதில் போட்டால் போதும்.

அண்ணன்

ஒரு விஷயம்: இது நீ உடைத்த கால்தான். உன் ஏழு வயசில் மதில் மேலிருந்து என்னைத் தள்ளிவிட்டாயே, அதே இடது கால். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.


மார்ச் 13

அண்ணனுக்கு,

ஒரே வரியில் கேட்டாய். உன் விஷயத்தில் பொய்.

உனக்கு ஒரு வரி போதாது என்று எனக்குத் தெரியும், ஆகவே உன் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன். உன் எலும்புகளுக்குள் ஒரு டிப்போ இருக்கிறது. ரத்தக்குழாயின் உள் சுவரைப் பழுது பார்க்கிற செல்கள் அங்கே இருந்துதான் வருகின்றன. உடம்பில் எங்காவது காயம் பட்டால் அந்த இடத்திலிருந்து ஒரு ரசாயன அழைப்பு ரத்தத்தில் போகும், உங்கள் ஆபீசுக்குப் புகார் போன் வருவது போல. உடனே டிப்போவின் கேட் திறக்கும், ரிப்பேர் வண்டி கிளம்பும். நல்ல உடம்பில் இது நடக்கிறதே தெரியாது.

சர்க்கரை பல வருஷம் ஏறியே கிடந்தால் முதலில் அந்த டிப்போவே கெட்டுப்போகிறது. அதற்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அழிகின்றன. கேட்டைத் திறக்கச் சொல்லும் நரம்புகள் செத்துப்போகின்றன, உன் பாதத்தில் செத்துப்போன மாதிரியே. காலியான இடத்தில் கொழுப்பு வந்து உட்காருகிறது. ஆட்கள் குறைகிறார்கள், மிச்சம் இருப்பவர்களும் கிளம்புவதில்லை. தப்பித் தவறிக் கிளம்புவதில் பாதி வேலை தெரியாத கூட்டம், புண்ணில் போய்ச் சண்டைதான் போடும். அந்த கிளினிக்காரர்கள் செய்யப்போவது, கெட்டுப்போன டிப்போவிலிருந்து அதே சோர்ந்த ஆட்களை அள்ளி உன் காலில் இறக்குவது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வெட்டி எடுத்த கால்களின் எலும்பு, நோயாளிகளின் சம்மதத்தோடு, ஐஸ் பெட்டியில் எங்களுக்கு வரும். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தும் வருகிறது. பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். நான் அதைத் திறந்து மஜ்ஜையை எடுத்து, செல்களை எண்ணி, கூப்பிட்டால் வருகின்றனவா என்று பார்க்கிறேன். நாளெல்லாம் இதுதான் வேலை.

இன்சுலின் போடுகிறாயா? புண்ணுக்கு யார் கட்டுப் போடுகிறார்கள்? இந்தக் கேள்விகளை அப்பாவின் காலைப் பார்த்து நான் கேட்டபோது, 'முழு உடம்போடு போகணும்' என்று பதில் சொன்னவன் நீ. முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தால் இன்று அவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், அடிக்கவும் மனசில்லை.

தங்கை


மார்ச் 22

தங்கைக்கு,

டிப்போ விளக்கம் பிரமாதம். ஃபிட்டருக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம டிப்போவும் அப்படித்தான் இருக்கு, இங்க யாருக்கு சர்க்கரைன்னு பாக்கணும்" என்றான்.

கிளினிக்குக்குப் போகவில்லை. உன் பேச்சைக் கேட்டு நான் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும், எழுதி வைத்துக்கொள்.

அப்பா விஷயத்தை நீ இழுத்ததால் நானும் சொல்கிறேன். நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய், தூரத்திலிருந்து போனில் "வெட்டுங்க, வெட்டுங்க" என்றாய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் துண்டு போட்டுடாதடா, முழுசா அனுப்பு" என்றார். உனக்கு டாக்டர் சொன்னது கேட்டது, எனக்கு அவர் சொன்னது கேட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு, "நீதான் அப்பாவைக் கொன்னே" என்று பிணம் கிடக்கிற வீட்டில், சித்தப்பா பெரியப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாய். அன்று என் கால் நன்றாக இருந்தது, ஆனாலும் என்னால் நிற்க முடியவில்லை.

சரி, அதை விடு. பெரிய ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஆரம்பித்துவிட்டார்கள். காலையும் சாயங்காலமும் உன் அண்ணி வயிற்றில் குத்துகிறாள். "இத்தனை வருஷம் வாயால குத்தினேன், இப்ப ஊசியால" என்கிறாள். ஒரு வேளை தவறவில்லை. சர்க்கரை பாதியாக இறங்கியிருக்கிறது. புண்ணின் ஓரத்தில் கொஞ்சம் ரோஸ் நிறம் வந்திருக்கிறது என்று கட்டுப் போடும் நர்ஸ் சொன்னாள். கண்ணாடியைத் தரையில் வைத்து நானே காலைத் தூக்கிப் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டு கேள்வி. சர்க்கரை இறங்கிவிட்டால் டிப்போ பழையபடி ஆகிவிடுமா? இன்னொன்று, லீவு கிடைத்தால் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயேன். யார் யாரோ காலை எல்லாம் பார்க்கிறாய்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

ஆகாது.

மஜ்ஜைக்கு நினைவு உண்டு. பல வருஷம் சர்க்கரையில் ஊறிய செல்கள், சர்க்கரை இறங்கிய பிறகும் ஊறின மாதிரியேதான் நடந்துகொள்கின்றன. நானே பார்த்திருக்கிறேன். நல்ல ஊட்டத்தில், சரியான சூட்டில் வைத்து வளர்த்தாலும் பழைய கெட்ட நாள் அவற்றுக்கு மறப்பதில்லை. கூப்பிட்டால் வருவதில்லை. பதினோரு வருஷம் மாத்திரையைப் பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் போட்டுக்கொண்டு டாக்டரை ஏமாற்றியவன் நீ. அண்ணி என்னிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். டாக்டரை ஏமாற்றலாம், மஜ்ஜையை ஏமாற்ற முடியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான் உன் ஊசி.

வரமாட்டேன். அந்த உள் அறையில், அந்தக் கட்டிலில், அந்த மருந்து வாடையில் இன்னொரு காலைப் பார்க்க என்னால் முடியாது. எண் ஒட்டிய கால்களைப் பார்க்கலாம், உன் காலைப் பார்க்க வராது. கோபம் என்று வைத்துக்கொண்டாலும் சரி, பயம் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

தங்கை


மே 19

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நல்ல கடிதம், வளவளவென்று இல்லை. 'ஆகாது' என்று முதல் வரியிலேயே முடித்துவிட்டாய். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். ஒரு லைன் உள்ளே அரித்துப்போய்விட்டது என்று தெரிந்தால் அதற்கு மேல் அதில் கசிவை அடைக்கக் கிளாம்ப் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

ஊசியை நிறுத்திவிட்டேன். ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டேன். உன் அண்ணியிடம், இனி நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி மருந்தைக் குளியலறைத் தொட்டியில் பீய்ச்சிவிடுவேன். ஆகாத காரியத்துக்கு எதற்கு வயிற்றில் ஓட்டை. ரோஸ் நிறம் போய்விட்டது. நர்ஸ் இப்போது என் முகத்தைப் பார்க்காமல் கட்டுப் போடுகிறாள். இரண்டாவது விரலும் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. வலி மட்டும் இன்னும் இல்லை, அதுவரைக்கும் கொடுத்து வைத்தவன்.

உன் டிப்போ கதையை யோசித்துப் பார்த்தேன். அந்த செல்லுக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்? இங்கிருந்து கூப்பிட்டேன். நல்ல ஊட்டத்தில், சரியான சூட்டில்தான் நீயும் இருக்கிறாய். பழசை மறக்க மாட்டாய், கிளம்பவும் மாட்டாய். உன்னை நீயே கிண்ணத்தில் போட்டு எண்ணிப் பார்த்திருக்கலாம்.

அண்ணன்


மே 24

அண்ணா,

உடனே ஊசி போடு. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியைக் கூப்பிட்டுப் போடச் சொல். பிறகு மிச்சத்தைப் படி.

நாலு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அண்ணியின் போனும் அணைந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பேசினால் உறவு என்ன என்று கேட்கிறார்கள், தங்கை என்றால் உன் நோயாளி நம்பர் கேட்கிறார்கள். எந்த நம்பரும் என்னிடம் இல்லை. இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன்.

நான் சொன்னது மஜ்ஜை பழையபடி ஆகாது என்றுதான். ஊசி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சர்க்கரை இறங்கினால் கிருமி அடங்கும், இருக்கிற கொஞ்சம் ஆட்களாவது வேலை செய்வார்கள், டிப்போ இதற்கு மேல் அழியாது. மெதுவாகக் கொஞ்சம் தேறவும் கூடும். ரோஸ் நிறம் வந்ததே, அது அந்தக் கொஞ்சம் பேர் செய்த வேலைதான். அதை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உனக்கு வலிக்க வேண்டும் என்று எழுதினேன், பாதியை மட்டும் எழுதினேன். வலியே தெரியாத உனக்கு அது மட்டும் சரியாக வலித்திருக்கிறது.

வாயில் அடித்துக்கொண்டு அழுகிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள்.

வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை போடு, கிளம்பிவிடுகிறேன். நீ கதவைச் சாத்திவிட்டால் அந்த வாசலில் எனக்கு நிற்கத் தெரியாது.

தங்கை


ஜூன் 16

தங்கைக்கு,

கூரியர் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. நான் காய்ச்சலில் பிதற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தேன், உன் அண்ணி வராந்தாவில் கிடந்தாள். பக்கத்து வீட்டில் வாங்கி வைத்துப் பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே, ஒரு சாண் விட்டு.

சர்ஜன் காகிதத்தை நீட்டினபோது எனக்கு அப்பா குரல்தான் கேட்டது. "முழுசா அனுப்பு" என்றது. உன் அண்ணி பேனாவை என் விரலில் சொருகி, "உங்கப்பாவை முழுசா அனுப்பினீங்க, உங்க அம்மா எட்டு மாசம் தனியாக் கிடந்து போய்ச் சேர்ந்தாங்க. எனக்குப் பாதிப் புருஷன் போதும், போடுங்க கையெழுத்தை" என்றாள். போட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். சொல்கிறவனுக்கு இரண்டு காலும் இருக்கிறது.

கையெழுத்து போடும்போது இன்னொரு காகிதமும் இருந்தது. எடுத்த காலை எரித்துவிடலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று. எந்த ஆராய்ச்சிக்கூடம் என்று கேட்டேன். நீ இருக்கிற ஊரைச் சொன்னார்கள்.

கொடுத்துவிட்டேன். பார்க்க வரமாட்டேன் என்றாய், அதனால் காலே உன்னிடம் வருகிறது. எண் ஒட்டின கால்களைப் பார்க்கலாம் என்றும் நீதானே எழுதினாய். இதற்கும் எண் ஒட்டித்தான் அனுப்புவார்கள், கவலைப்படாதே. கூப்பிட்டுப் பார், வருகிறதா என்று.

வா என்று ஒரு வார்த்தை கேட்டாய். மார்ச்சிலேயே சொன்னேன். இப்போது என்ன இருக்கிறது பார்க்க? ஆபீசில் என்னைப் புகார் போன் எடுக்கிற மேஜையில் போடப் போகிறார்களாம். காது இருந்தால் போதும் அந்த வேலைக்கு. ரோட்டில் கம்பி ஊன்றி நிற்க இனிமேல் வேறு ஆள்.

வராதே.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

வந்தது.

பெட்டியில் எண் மட்டும்தான் இருந்தது. உன் கடிதம் அதற்கு இரண்டு நாள் முன்பே வந்திருக்காவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு லேசாக வளைந்து, ஒரு இடத்தில் தடித்திருந்தது. மதில், செங்கல், நீ அலறினது, அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தது எல்லாம் அப்படியே கண்ணில் நின்றது. எங்கள் பேராசிரியரிடம் இது யாருடையது என்று சொன்னேன். "எழுந்திரும்மா, வேற யாராவது பாக்கட்டும்" என்றார். எண் போட்டு வந்தது எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே விதி, அவர் சொன்னது சரி. நான் எழுந்திருக்கவில்லை. நானே திறந்தேன்.

உள்ளே எல்லாம் மஞ்சள். வயசானால் காலெலும்பில் கொழுப்பு இருக்கத்தான் செய்யும், எல்லாருக்கும் இருக்கும். உன்னுடையதில் அதைத் தவிர வேறொன்றும் இல்லாத மாதிரி இருந்தது. ரத்தக்குழாய்களைத் தேட வேண்டியிருந்தது. ரிப்பேர் செல்களைச் சலித்துச் சலித்து எடுத்தேன். நடுவில் சல்லடை மாதிரி மெல்லிய தடுப்பு வைத்த சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. மேலே செல்களை விட்டு, அடியில் காயம் அனுப்புகிற அந்த ரசாயனத்தை வைப்பேன். உயிர்ப்புள்ள செல் சல்லடையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி வரும். அதுதான் கூப்பிடுவது.

கூப்பிட்டேன் அண்ணா. வரவில்லை. நேரம் கழித்துப் பார்த்தேன், வரவில்லை. மறுநாள் பார்த்தபோது அடியில் கொஞ்சம் கிடந்தன. கை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்சம் எல்லாம் மேலேயே உட்கார்ந்திருந்தன. அந்தக் கொஞ்சம் ஆட்களை நம்பித்தான் ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். அவர்களையும் பட்டினி போட வைத்தது நான் எழுதின ஒற்றை வார்த்தை.

இன்னொன்றும் பார்த்தேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் உடைத்த அந்த இடம் எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறது தெரியுமா. சுற்றியிருந்த எலும்பைவிட அதுதான் கெட்டி. உன் பத்து வயசில் அந்த டிப்போவிலிருந்து எத்தனை பேர் ஓடி வந்திருக்கிறார்கள். நான் தள்ளிவிட்டு நின்றேன், அவர்கள் வந்து சரி செய்திருக்கிறார்கள். இந்தத் தடவை நான் தள்ளினபோது வருவதற்கு ஆள் இல்லை.

நீ வராதே என்று எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை பதினாலாம் தேதி கிளம்புகிறேன். தாமதம்தான். என் ஜாதி செல் தாமதமாகத்தான் வரும்.

தங்கை


ஜூலை 9

தங்கைக்கு,

வராதே என்று எழுதினவன் எழுதினவன்தான், மாற்றி எழுத மாட்டேன். மன்னிப்பு கேட்கிற எண்ணம் இருந்தால் அங்கேயே கேட்டுவிட்டு வா. இங்கே வந்து கேட்டால் உன் அண்ணி அழுவாள், அப்புறம் எனக்கு ஊசி போட ஆள் இருக்காது. ஊசி போட்டுக்கொள்கிறேன். வலது கால் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதை உனக்கு அனுப்புகிற எண்ணம் இல்லை.

வெட்டின காலில் கட்டைவிரலுக்குக் கீழே இப்போது வலிக்கிறது. வாஷர் இருந்த அதே இடம். இல்லாத கால் வலிக்கும் என்று டாக்டர் சொல்கிறார். இருந்தபோது ஒரு நாள், ஒரே ஒரு நாள் வலித்திருக்கக் கூடாதா?

பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டு நில். விடாமல் அடிக்காதே, திரும்பியும் போய்விடாதே. ஒற்றைக் காலோடு வாசலுக்கு வர எனக்கு நேரமாகும்.

அண்ணன்